மணல் மூட்டைக் கட்சியும் மாமன் மடியும்

சந்தைக்குப் போனாலும் சரி, சாவு வீட்டுக்குப் போனாலும் சரி, என்னைக் கண்டவுடன் எல்லாரும் கேட்கிறது ஒன்றுதான். "ஏனுங்க மண்டிக்காரரே, ஆஸ்பத்திரியில உங்க காலை என்ன பண்ணாங்க?" சொல்லிச் சொல்லி முட்டி வலி குறைந்து வாய் வலி வந்துவிட்டது. இனி ஆளுக்கு ஆள் சொல்ல என்னால் ஆகாது. ஒரே தடவையாக எழுதி வைத்துவிடுகிறேன். படிக்கத் தெரிந்தவர்கள் படியுங்கள், தெரியாதவர்களுக்குப் படித்துக் காட்டுங்கள், என்னை நிம்மதியாக வியாபாரம் பண்ண விடுங்கள்.

கம்பைநல்லூரில் எனக்குத் தானிய மண்டி. கேழ்வரகு, கம்பு, சாமை, நிலக்கடலை எல்லாம் வரும், போகும். அளந்து போட ஆள் வைத்துக்கொள்ளலாம்தான். ஆனால் தானியம் அளக்கிற வள்ளத்தைப் பிடிக்கிற கை என் கையாக இருந்தால்தான் எனக்கு ராத்திரி சோறு இறங்கும். வலது முட்டியைத் தரையில் ஊன்றி, இடது காலைக் குத்திட்டு வைத்து, வள்ளத்தை நிரப்பி, தலை தட்டி, சாக்கில் கொட்டுவேன். மீசை முளைத்த நாளிலிருந்து இதே வேலை. ஐம்பதை நெருங்கும்போது அந்த முட்டி "போதும்டா சாமி" என்று சொல்லிவிட்டது.

முதலில் காலையில் மட்டும் விறைப்பாக இருந்தது. நாலு எட்டு நடந்தால் சரியாகிவிடும். பிறகு படி இறங்கினால் வலி, மழை வந்தால் வலி, உட்கார்ந்து எழுந்தால் உள்ளே கரகரவென்று சத்தம். நொச்சி ஒத்தடம், எருக்கலை ஒத்தடம், கட்டு கட்டுகிறவரின் கறுப்பு எண்ணெய் எல்லாம் போட்டாயிற்று. எண்ணெய் நாற்றத்தில் கடைக்கு வந்தவர்கள் மூக்கைப் பொத்தினார்களே தவிர, வலி அசையவில்லை. "வயசானா வர்றதுதானே" என்று நானும் விட்டுவிட்டிருப்பேன். அப்போதுதான் என் தங்கச்சி காவேரிக்குக் குழந்தை பிறந்தது.

காவேரியைப் பாப்பிரெட்டிப்பட்டியில் கட்டிக் கொடுத்துப் பத்து வருஷத்துக்கு மேல் ஆகியும் வயிறு திறக்கவில்லை. அவள் சுற்றாத கோயில் இல்லை, கேட்காத பேச்சில்லை. கடைசியில் ஒரு பெண் குழந்தை, வெல்லக்கட்டி மாதிரி. தொட்டில் போடுகிற அன்றைக்கு மாமன் சீர் தட்டோடு நான் போய் நின்றேன். எல்லாரும் பாயில் உட்கார்ந்தார்கள். என்னால் கால் மடக்க முடியவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு பாதி இறங்கி, அப்படியே மறுபடியும் ஏறிவிட்டேன். யாரோ ஒரு நாற்காலி கொண்டுவந்து போட்டார்கள். அப்போது காவேரியின் மாமனார், நல்ல மனுஷர்தான், என் காலைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "காதுகுத்துக்கு மாமன் மடி வேணுமே. நாற்காலியில மடி வெக்கறதெல்லாம் எங்க சாமிக்கு ஆகாதுங்க. உங்க பங்காளி மவன் ஒருத்தன் இருக்கான், அவனும் காவேரிக்கு அண்ணன் முறைதான். அவனை உக்கார வெச்சுக்கலாமா?"

உங்களுக்குத் தெரியாததில்லை. மொட்டை போட்டுக் காது குத்துகிறது தாய்மாமன் மடியில்தான். மாமன் சம்மணம் போட்டு உட்கார்ந்தால்தான் மடி. காவேரிக்குக் கூடப் பிறந்தவன் நான் ஒருத்தன். அப்பா இல்லாமல் அவளைத் தோளில் தூக்கி வளர்த்தவன். அவளுக்குப் பிறந்த ஒரே குழந்தைக்கு என் மடி இல்லை என்றால் அப்புறம் நான் என்ன மாமன்? அன்றைக்கு ராத்திரி நான் அழுதேன். இதை எழுத எனக்கு வெட்கமில்லை.

மறுநாளே என் வீட்டுக்காரி மாதம்மாள், "ஏனுங்க, மிஷன் ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பாக்கலாங்களா? மூட்டுக்குன்னே தனியா ஒரு டாக்டரம்மா பாக்கறாங்களாம்" என்றாள். எனக்கு உதறல். ஆஸ்பத்திரிக்குப் போனால் காலை எடுத்துவிடுவார்கள் என்று ஊரில் பேச்சு. "எடுத்தா எடுக்கட்டும், ஒரு கால் மடியாச்சும் மிஞ்சும்" என்று மாதம்மாள் சிரித்தாள். அவளுக்கு எதிலும் சிரிப்புதான். யுத்த சமயம், பெட்ரோல் கிடையாது, பஸ்ஸெல்லாம் கரி போட்டு ஓடின காலம். மேடு வந்தால் எல்லாரும் இறங்கித் தள்ள வேண்டும். முட்டி வலிக்காரன் என்று என்னை மட்டும் உள்ளேயே உட்கார வைத்துத் தள்ளினார்கள். ராஜா மாதிரி போனேன்.

டாக்டரம்மா மதராஸில் படித்தவர். ஒல்லியான உடம்பு, வேகமான நடை, சிரித்தால் வார்டு முழுக்கக் கேட்கும். என்னைச் சேலத்துக்கு அனுப்பி எக்ஸ்ரே படம் எடுத்து வரச் சொன்னார். வந்ததும் அதை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். என் முட்டியை அப்போதுதான் முதல்முதலாக உள்ளே பார்த்தேன்.

"கோழி எலும்பு கடிக்கும்போது நுனியில வெள்ளையா, வழவழன்னு இருக்குமே, பாத்திருக்கீங்களா? குருத்தெலும்பு. அது ரெண்டு எலும்புக்கும் நடுவுல மெத்தை மாதிரி. உங்களுக்கு உள்பக்கம் அது தேஞ்சு போச்சு. அதான் எலும்போட எலும்பு உரசுது. ஓரத்துல பாருங்க, முள்ளு முள்ளா வளர்ந்திருக்கு."

"தேஞ்சது மறுபடி முளைக்குமாம்மா?"

"முளைக்காது."

"காலை எடுத்துடுவீங்களா?"

அந்த அம்மா சிரித்த சிரிப்பில் நர்ஸ் ஓடி வந்துவிட்டாள். "இதுக்கு யாராவது காலை எடுப்பாங்களா? வலியைக் குறைக்கலாம், காலைப் பழக்கலாம். எந்த வைத்தியம் நல்லதுன்னுதான் எனக்கே இன்னும் தெரியாது. அதைக் கண்டுபிடிக்கத்தான் ஒரு ஆராய்ச்சி பண்றேன். வார்டுலயே தங்கி இருக்கீங்களா? கட்டணம் கிடையாது."

தனக்குத் தெரியாது என்று சொல்லுகிற டாக்டரை அன்றைக்குத்தான் பார்த்தேன். எனக்குச் சந்தேகம் வந்தது. ஆனால் மாதம்மாள் அதற்குள், "இருக்கறாருங்க" என்று சொல்லிவிட்டாள்.

ஆராய்ச்சி இப்படித்தான். வலிக்காரர்கள் வர வர, ஒருத்தர் விட்டு ஒருத்தராகப் பிரித்துவிடுவார்கள். முதல் ஆளுக்கு ஊசி, அடுத்த ஆளுக்கு மணல் மூட்டை. ஊசி என்றால் முட்டிக்குள்ளேயே போடுகிற ஊசி. மோர் புளிக்கும்போது அதில் ஊறுகிற அமிலம் இருக்கிறதே, அதையே சுத்தமாகக் காய்ச்சி வாரம் ஒரு தரம் மூட்டுக்குள் செலுத்துவார்கள். வெளிநாட்டில் சில பேர் அதைப் புகழ்ந்திருந்தார்களாம், நம் ஆட்களுக்குக் கேட்குமா என்று பார்க்க வேண்டுமாம். மணல் மூட்டை என்றால் வெறும் மணல் மூட்டைதான். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, கணுக்காலில் சின்ன மணல் பையைக் கட்டி, காலை நேராக நீட்டித் தூக்கி, கொஞ்ச நேரம் பிடித்து, மெதுவாக இறக்க வேண்டும். தொடைச் சதை பலப்பட்டால் முட்டியின் பாரத்தை அது வாங்கிக்கொள்ளுமாம்.

எனக்கு மணல் மூட்டை விழுந்தது. எரிச்சலாக வந்தது! சேலம் வரைக்கும் போய்ப் படம் பிடித்து, கரி பஸ்ஸில் வந்து, கடைசியில் மூட்டை தூக்கவா? மூட்டை தூக்க என் மண்டியில் இடமில்லையா? பக்கத்துக் கட்டிலில் வத்தல்மலைக்காரர் செல்லன், சாமை விதைக்கிற குடியானவர். அவருக்கு ஊசி. ஊசி போட்டுக்கொண்டு வந்து, கலெக்டர் வேலை கிடைத்த மாதிரி படுத்திருந்தார். எதிர்க் கட்டிலில் மல்லப்பா, ஓசூர்ப் பக்கத்துக் கன்னடக்கார வண்டியோட்டி. முட்டி வலிக்கிறது என்றுதான் அவர் வந்தார். டாக்டரம்மா காலைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "உங்க நோவு முட்டியில இல்ல, இடுப்பு மூட்டுல. அங்க தேஞ்சா வலி கீழ இறங்கி முட்டியில காட்டும்" என்றார். மல்லப்பா இரண்டு நாள் முட்டியைத் தடவித் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார், நம்பிக்கையில்லாமல். அவரும் என் கட்சி. வார்டில் ஊசிக் கட்சி, மூட்டைக் கட்சி என்றே பெயர் வைத்துக்கொண்டோம். ஊசிக் கட்சிக்காரர்களை நாங்கள் மோர்க்குடம் என்போம், அவர்கள் எங்களைக் கூலிக்காரர்கள் என்பார்கள்.

ஆஸ்பத்திரிக் கஞ்சி எனக்கு ஆகவில்லை. மாதம்மாள் இரண்டு நாளைக்கு ஒருமுறை தூக்குப்போசியில் களியும் கீரைக் கடைசலும் கொண்டுவருவாள். களியைப் பார்த்ததும் கட்சி பேதமெல்லாம் போய்விடும். மூன்று பேரும் சேர்ந்து வழித்துவிடுவோம். "ஒரு ஆளுக்குத்தான் கொண்டாந்தேன்" என்று அவள் வாயால் சொல்லுவாள், அடுத்த தடவை போசி பெரிதாக வரும்.

சனிக்கிழமைதான் முக்கியமான நாள். டாக்டரம்மா ஒவ்வொரு கட்டிலாக வருவார். மடிகிற மரச்சட்டத்தை முட்டியில் வைத்து, எவ்வளவு மடங்குகிறது என்று அளப்பார். பிறகு கேட்பார்: "வலி எப்படி இருக்கு?"

செல்லன்: "தேவலைங்க தாயி. ஊசி போட்டதும் பஞ்சா பறந்துடுச்சுங்க."

மல்லப்பா: "பரவாகில்லம்மா."

நான்: "குறைஞ்சிருக்குதுங்க."

எனக்குக் குறையவே இல்லை. வாய் தானாகச் சொல்லிவிட்டது. பின்னே என்ன சொல்லுவது? அவ்வளவு பெரிய படிப்புப் படித்த அம்மா நமக்காகக் குனிந்து காலைப் பிடித்துப் பார்க்கிறார், அவர் முகத்துக்கு நேரே "ஒண்ணும் பிரயோஜனமில்ல" என்று சொல்ல யாருக்கு மனசு வரும்? விருந்துக்குப் போன இடத்தில் குழம்பு உப்பில்லை என்று சொல்லுவோமா? வார்டு முழுக்க, இரண்டு கட்சியும், சனிக்கிழமை காலையில் சுகமாக இருந்தோம். டாக்டரம்மா முகம் மலர்ந்து போவார். அவர் போனதும் ஆளாளுக்கு "அப்பா, அம்மா" என்று முனகிக்கொண்டு புரளுவோம்.

அப்படி ஒரு சனிக்கிழமை மத்தியானம் காவேரி வந்தாள், கையில் குழந்தை, முகமெல்லாம் பஸ் கரி. குழந்தையை என் கட்டிலில் விட்டாள். அது என் மீசையைப் பிடித்து இழுத்தது. காவேரி சிரிக்கவில்லை.

"தையில நாள் பாத்துட்டாங்கண்ணா. உங்களால ஆகுமா ஆகாதான்னு மாமனார் கேட்டுட்டு வரச் சொன்னாரு."

"ஆகும்" என்றேன்.

"எங்க, உக்காந்து காட்டுங்க."

கட்டிலைப் பிடித்துக்கொண்டு இறங்கினேன். பாதி வரைக்கும் போனேன். அதற்கு மேல் கீழேயும் போகவில்லை, மேலேயும் வரவில்லை. கிணற்றில் மாட்டின குடம் மாதிரி நின்றேன். செல்லனும் மல்லப்பாவும் நொண்டிக்கொண்டு வந்து ஆளுக்கொரு கையைப் பிடித்துத் தூக்கினார்கள். காவேரி குழந்தையை வாரி எடுத்துக்கொண்டு, "வேற ஒருத்தர் மடியில வெக்கறதுக்கு எம் புள்ளைக்குக் காதே குத்தாம வுட்டுடறேன்" என்று அழுதாள். அழுதுகொண்டே வீட்டுக்குப் போனாள்.

அடுத்த சனிக்கிழமை டாக்டரம்மா என் கட்டிலுக்கு வந்தார். "வலி எப்படி இருக்கு?"

"அப்படியேதாம்மா இருக்குது. ஒரு இம்மியும் குறையல."

செல்லன் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, கோயிலில் எச்சில் துப்பியவனைப் பார்க்கிற பார்வை.

"போன வாரம் குறைஞ்சதுன்னீங்களே?"

"உங்க மனசு நோகக் கூடாதுன்னு சொன்னதுங்க. நான் மட்டுமில்ல, இங்க எல்லாருமே அப்படித்தான் சொல்றோம்."

"ஐயோ, இவருக்கு மண்டைக் கோளாறுங்க தாயி" என்று செல்லன் பதறினார். "எனக்கு நெசமாலுமே தேவலைங்க."

டாக்டரம்மா மல்லப்பாவின் கட்டிலிலேயே உட்கார்ந்துவிட்டார். அந்த முகத்தைப் பார்க்க எனக்கே பாவமாக இருந்தது. "என் மனசு நோகறது இருக்கட்டும். ஊசி வேலை செய்யுதா இல்லையான்னு தெரியாம இன்னும் எத்தனை பேர் முட்டியில நான் குத்தறது?" என்றார். பிறகு செல்லன் பக்கம் திரும்பி, "சரி, உங்களுக்கு நல்லா தேவலைதானே? அப்ப இன்னிக்கே ஊருக்குப் போகலாம். மலை ஏறிடுவீங்கல்ல?" என்று கேட்டார்.

"அதெப்படிங்க ஏறுவேன்?" என்றார் செல்லன், சட்டென்று.

"ஏன்?"

"பாறையில கால ஊனி எம்பவே முடியாதுங்களே! முதல் வளைவுலயே உக்காந்துடுவேனுங்க. சாமைக் காட்டுல களை எடுக்கக் குந்த முடியல. வெளிக்கிக்குப் போனா மரத்தைப் புடிச்சிக்கிட்டுத்தானுங்க எந்திரிக்கறேன்."

டாக்டரம்மா மெல்ல மல்லப்பாவைப் பார்த்தார். மல்லப்பா, "வண்டிச் சக்கரத்து மேல கால் வெச்சு ஏறோகே ஆகலம்மா" என்றார். அவ்வளவுதான், மடை திறந்துவிட்டது. ஒருத்தருக்குக் கிணற்றுப் படி இறங்க முடியவில்லை, ஒருத்தருக்குப் பந்தியில் உட்கார முடியவில்லை. வலி எப்படி என்று கேட்டால் மரியாதைக்குப் பதில் சொல்லுகிற ஆட்கள், என்ன வேலை ஓடவில்லை என்று கேட்டதும் ஒருத்தரை ஒருத்தர் முந்திக்கொண்டு சண்டை போட்டார்கள். டாக்டரம்மா சிரிக்க ஆரம்பித்தார். கண்ணில் தண்ணீர் வரும் வரைக்கும் சிரித்தார். "இத்தனை நாளும் நான் தப்பான கேள்வியைக் கேட்டிருக்கேன்" என்றார்.

அன்றோடு பழைய பதில்களெல்லாம் தள்ளுபடி. ஆராய்ச்சி மறுபடியும் முதலிலிருந்து. இனிமேல் சனிக்கிழமை கேள்வியே கிடையாது, செய்து காட்ட வேண்டும். ஆஸ்பத்திரி முற்றமே திருவிழா மாதிரி ஆனது. செல்லனுக்காகக் கற்களை மலைப்பாதை போல் அடுக்கினார்கள். மல்லப்பாவுக்காக ஒரு மாட்டு வண்டியே வந்தது. சேதி தெரிந்து பெண்கள் வார்டிலிருந்தும் வந்து, "எங்களுக்குத் திரிகைக்கல் வேணும், ராகி அரைச்சுக் காட்டறோம்" என்றார்கள்.

எனக்கு என்ன வேண்டும் என்று கேட்டார்.

"மடி வேணுங்க" என்றேன். காவேரி, குழந்தை, பங்காளி மகன் எல்லாக் கதையையும் சொன்னேன்.

"இந்த முட்டியோட நீங்க தரையில உட்காரவே கூடாதுன்னு நான் சொல்லணும்" என்றார். பிறகு, "எனக்கும் ஒரு தாய்மாமன் இருக்கார். சரி, அந்த ஒரு நாளைக்கு மட்டும். அப்புறம் பெஞ்சிலதான் உட்காரணும்" என்றார். மரப்பலகைகளை ஒன்றன்மேல் ஒன்றாக முட்டி உயரத்துக்கு அடுக்கி அதில் உட்காரச் சொன்னார். ஒவ்வொரு வாரமும் நன்றாக உட்கார்ந்து எழுந்தால் ஒரு பலகை குறையும்.

அப்புறம் பார்க்க வேண்டுமே நான் மூட்டை தூக்கின வேகத்தை! காலை, மத்தியானம், சாயங்காலம் தூக்கினேன். முதலில் தொடை நடுங்கியது. பிறகு நடுக்கம் நின்றது. மணல் பை பெரிதாயிற்று. மாதம்மாளே சாக்குத் துணியில் தைத்துக் கொண்டுவந்தாள். வலி ஓடிப்போகவில்லை, பொய் சொல்ல மாட்டேன். ஆனால் கால் என் பேச்சைக் கேட்க ஆரம்பித்தது. பலகைகள் ஒவ்வொன்றாகக் கழன்றன. மல்லப்பா ஒரு சனிக்கிழமை சக்கரத்தில் கால் வைத்து வண்டியில் ஏறிவிட்டார். இறங்க மறுத்து, மாடில்லாத வண்டியில் நின்றுகொண்டு "ஹோ ஹோ" என்று அதட்டினார். ஊசிக் கட்சியில் சிலருக்கு ஊசி போட்ட இரண்டொரு நாள் சுகமாக இருந்தது, பிறகு பழைய கதைதான். செல்லன் மூன்றாவது கல்லைத் தாண்டவில்லை. "கூலிக்காரரே, உம்ம மூட்டையைக் கொஞ்சம் குடுங்க" என்று என்னிடம் ரகசியமாகக் கேட்டார். கணக்குக் கெட்டுவிடும், முடியும் வரைக்கும் பொறுங்கள் என்று டாக்டரம்மா அவரைக் கெஞ்சினார். முடிந்த அன்றைக்கு முதல் மூட்டை அவர் காலில்தான் கட்டினார். ஊசியை நிறுத்திவிட்டார். "இங்க வந்தவங்க வரைக்கும் எது தேவலைன்னு இப்ப தெரியும். மற்ற ஊர்ல எப்படின்னு மற்றவங்க பாத்துச் சொல்லட்டும்" என்றார். எனக்கு அந்தப் பேச்சு பிடித்திருந்தது.

தையில் காதுகுத்து. பாப்பிரெட்டிப்பட்டிக்குக் கிழக்கே மலையடிவாரத்தில் அவர்கள் குலசாமி கோயில். பொங்கல் பானை, ஆட்டுக்கிடா, மேளம், ஊர் முழுக்க ஜனம். பங்காளி மகனைக் குளிப்பாட்டிப் புது வேட்டி கட்டி ஓரமாக நிறுத்தி வைத்திருந்தார்கள், எதற்கும் இருக்கட்டும் என்று. எனக்கு அவனைப் பார்க்கப் பற்றிக்கொண்டு வந்தது. பாவம், அவன் என்ன செய்வான், நல்ல பையன்.

ஒரே ஒரு பலகை போட்டிருந்தார்கள். காவேரி என்னைப் பார்க்கவில்லை, குழந்தையின் தலையையே பார்த்துக்கொண்டிருந்தாள். மேளம் ஏறியது. நான் இடது காலை மடக்கினேன். வலது தொடையை இறுக்கினேன். மெதுவாக இறங்கினேன். பாதி வந்தது. பங்காளி மகன் ஒரு எட்டு முன்னால் வைத்தான். நான் இன்னும் இறங்கினேன். பலகை தட்டியது. வலது காலைக் கையால் பிடித்து மடக்கி உள்ளே இழுத்தேன். உச்சந்தலை வரைக்கும் சுரீர் என்றது. சம்மணம்! குலவைச் சத்தம் எழுந்தது. முதல் குலவை மாதம்மாளுடையது, அது எனக்குத் தெரியும்.

காவேரி குழந்தையை என் மடியில் வைத்தாள். முடி இறக்குகிறவரைப் பார்த்ததுமே அது வீறிட்டது. மொட்டை போட்டு முடித்து, ஆசாரி பொன் கம்பியை எடுத்ததும் என் விரலைப் பிடித்துக் கடித்தது. இரண்டு காதும் குத்தினதும் என் புது வேட்டியை நனைத்து எனக்குப் பதில் சீர் செய்துவிட்டது. எல்லாரும் சிரித்தார்கள். காவேரி சிரித்துக்கொண்டே அழுதாள். அவள் மாமனார் சந்தனத்தை என் நெற்றி முழுக்க அப்பிவிட்டுப் போனார்.

அழுது அழுது குழந்தை அப்படியே என் மடியிலேயே தூங்கிப் போயிற்று. மேளம் நின்றது. பந்தி போட்டாயிற்று, கறிக்குழம்பு வாசனை வந்தது. ஜனமெல்லாம் எழுந்து போனது. பங்காளி மகன் வந்து, "எந்திரிங்க அண்ணா, புடிச்சுக்கறேன்" என்று இரண்டு கையையும் நீட்டினான்.

"நீ போய்ச் சாப்பிடு சாமி" என்றேன். "புள்ளை தூங்குது. நான் இன்னும் கொஞ்ச நேரம் உக்காந்திருக்கறேன்."